திண்டுக்கல்லுக்குக் கடல் வேண்டாம்

பாய்மரப் படகுப் போட்டி என்று பேச்செடுத்தால் திண்டுக்கல் வட்டாரத்துக் கல்லூரிகளின் உடற்கல்வித் துறையில் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "இங்கே குடிக்கவே தண்ணீர் இல்லை, இதில் படகு விடப் போகிறார்களாம்!" சிரிப்பு அடங்கியதும் காரணங்கள் வரிசையாக வரும். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஒரு படகின் விலையில் கல்லூரி அணிகள் அத்தனைக்கும் சீருடை எடுத்துவிடலாம். அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளிலேயே ஒருமுறை இருக்கும், மறுமுறை இருக்காது. ஆகவே இந்த ஊருக்குக் கபடியும் கைப்பந்தும் ஓட்டமும் போதும்.

இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. கிழிந்த வலையோடு கைப்பந்து நடத்துகிற பி.டி. சாருக்குப் பாய்மரப் படகு ஆடம்பரமாகத் தெரிவது இயல்பு. ஆனால் இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தால் ஒன்றுகூட நிற்பதில்லை. நிற்கக்கூடிய தடை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதை இவர்கள் யாரும் சொல்வதே இல்லை.

முதலில் கடல். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகுப் பிரிவில் இந்தியாவுக்கு மூன்று பதக்கங்கள் கிடைத்தன. ஐஎல்சிஏ 4 என்ற சிறுபடகில் வெள்ளி வென்றவர் நேஹா தாக்கூர், அப்போது வயது 17. அவர் மும்பைக்காரரும் இல்லை, கோவாக்காரரும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயி ஒருவரின் மகள். படகு கற்றது போபால் நகரின் பெரிய ஏரியில், அங்குள்ள தேசியப் பாய்மரப் பள்ளியில். போபாலிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திண்டுக்கல்காரர் கடலோரத் தொண்டிக்குப் போவதைவிடப் பல மடங்கு தூரம் போக வேண்டும். இது ஒரே ஒருவரின் அதிர்ஷ்டமும் இல்லை. அதற்கு முந்தைய 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் லேசர் 4.7 பிரிவில் வெண்கலம் வாங்கிய 16 வயது ஹர்ஷிதா தோமரும் அதே மாநிலம், அதே ஏரி.

அந்த ஏரி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் போஜ மன்னன் கரை கட்டித் தேக்கியது என்பது வழிவழியாக வரும் செய்தி. அதாவது நம் பாண்டியர்களும் நாயக்கர்களும் வெட்டிவைத்த கண்மாய்களுக்கு உறவுமுறை. அதில் பாய் விரித்தால் ஆசிய வெள்ளி வருகிறது. நம்மூரில் விரித்தால் கேலி வருகிறது.

போபாலோடு நிற்கவில்லை. புனே அருகே கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாதெமியில், நாளைக்குக் கடற்படை அதிகாரியாகப் போகிறவர்கள் முதன்முதலில் பாய் கட்டப் பழகுவது அணைத் தண்ணீரில்தான். ஐதராபாத்தில் உசேன் சாகரின் நடுவே ராணுவத்தின் பாய்மரச் சங்கம் பல பத்தாண்டுகளாகப் போட்டி நடத்துகிறது. அதே ஏரியில் ஐதராபாத் யாட் கிளப் எளிய குடும்பத்துப் பிள்ளைகளைப் படகில் ஏற்றித் தேசியப் போட்டிகளுக்கு அனுப்புகிறது. உசேன் சாகர் தண்ணீரின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர் காமராஜர் அணை சொர்க்கமாகத் தெரியும்.

வெளிநாட்டைக் கேட்டால் ஆஸ்திரியாவைச் சொல்லலாம். கடற்கரை என்பதே இல்லாத நாடு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்த தங்கம் இரண்டே இரண்டு, இரண்டும் பாய்மரப் போட்டியில். அதில் ஒன்று விண்ட்சர்ஃபிங்கில் கிறிஸ்டோஃப் சீபர் வென்றது. 2024 பாரிஸிலும் இதே கதை: 470 கலப்புப் பிரிவில் லாரா வாட்லாவும் லூகாஸ் மேரும், பட்டம் இழுக்கும் பலகைப் போட்டியில் வாலன்டின் போன்டுஸும். அந்த ஆண்டும் ஆஸ்திரியாவின் தங்கம் அவ்வளவுதான். அவர்களின் பேர்பெற்ற பாய்மர ஏரிகளில் ஒன்றான நாய்ஸீட்லரின் ஆழம் எவ்வளவு தெரியுமா? மிக ஆழமான இடத்திலேயே 1.8 மீட்டர் அளவுதான். ஆறடி ஆள் நின்றால் தலை வெளியே தெரியும். "நம்ம கண்மாயில் ஆழம் போதாதே" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். (சுவிட்சர்லாந்து 2003-இலும் 2007-இலும் அமெரிக்காஸ் கோப்பையை வென்றதையும் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அது நியூசிலாந்துக்காரர்களைப் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொண்ட கதை. இந்த வாதத்துக்கு அது உதவாது, உதவவும் வேண்டாம்.)

விண்ட்சர்ஃபிங் என்ற விளையாட்டே கடலில் மட்டும் பிறந்ததில்லை. பலகையின் மேல் பாயை நிறுத்தி, நின்றபடியே ஓட்டும் வடிவம் ஒன்றை 1964-இல் நியூமன் டார்பி என்ற அமெரிக்கர் செய்து பார்த்தார். அவர் ஊர் பென்சில்வேனியாவின் உட்பகுதி. ஓட்டிப் பார்த்தது ஓர் ஆற்றில். 1984-இல் அது ஒலிம்பிக்குக்குப் போனது. ஹாங்சோவில் இந்தியாவின் மூன்று பதக்கங்களில் ஒன்றும் அதில் வந்ததுதான்: ஆர்எஸ் எக்ஸ் பலகையில் இபாத் அலி வாங்கிய வெண்கலம்.

அடுத்து, பணக்கார விளையாட்டு என்ற குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் துறைமுகத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார்களின் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அது உருவானது. அந்த வாசனை இந்த விளையாட்டின் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பாய்மரப் போட்டி என்றால் அந்தக் கிளப் மட்டுமா? தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் திருவிழாக் காலங்களில் மீனவர்கள் நடத்தும் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் சொல்லட்டும். பாயின் கயிறான தாமானை இழுத்துப் பிடித்துக்கொண்டு, படகு சாயச் சாய மறுபக்க விளிம்பில் உடம்பை வெளியே தள்ளி எடை கொடுக்கிற அந்த ஆட்களில் யார் கோடீஸ்வரர்? ஒலிம்பிக் படகில் செய்வதும் அதே வேலைதான். கயிறும் பாயும் வேறு இழை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விலை அதிகம் என்பது சரி. புதிய ஐஎல்சிஏ படகு பல லட்சம் ஆகும். ஆனால் துப்பாக்கி என்ன விலை? வில் என்ன விலை? 2023 செங்டு உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் இந்தியா அதுவரை காணாத அளவுக்கு 26 பதக்கங்கள் வென்றது, அதில் 11 தங்கம். பெரும்பங்கு துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் வந்தது. இரண்டுமே கருவிக்குக் கை நிறையச் செலவாகும் விளையாட்டுகள். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் துப்பாக்கி சுடுதலையும் "ராஜா வீட்டு வேலை" என்றுதான் சொன்னார்கள். ராணுவமும் மாநிலச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் கருவியை வாங்கி வைத்து, திறமை உள்ளவர் கையில் கொடுத்தபோது நிலைமை மாறியது. கருவி யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது நிறுவனத்தின் சொத்தாகிவிட்டால் வீட்டு வருமானம் பேச்சிலேயே வராது.

இந்த இடத்தில்தான் பல்கலைக்கழகம் என்ற அமைப்பின் அருமை தெரிகிறது. அமெரிக்காவில் கல்லூரிப் பாய்மரப் போட்டி வேரூன்றியது பாஸ்டன் நகரின் சார்லஸ் ஆற்றில். எம்ஐடி 1930-களில் தன் மாணவர்களுக்காக ஒரே அச்சில் சிறுபடகுகளைச் செய்து ஆற்றங்கரையில் நிறுத்தியது. இன்றைக்கும் அங்கே கல்லூரிப் போட்டியின் வழக்கம் இதுதான்: படகுகள் போட்டி நடத்தும் கல்லூரியுடையவை. வெளியூரிலிருந்து வரும் மாணவர் மிதவைச் சட்டையும் கையுறையும் கொண்டுவந்தால் போதும். சில ஓட்டங்கள் முடிந்ததும் அணிகள் படகுகளை மாற்றிக்கொள்ளும். நல்ல படகு கிடைத்ததால் ஒருவர் வென்றார் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. வீட்டிலிருந்து மட்டை கொண்டுவர வேண்டிய கிரிக்கெட்டைவிட இதில் சமத்துவம் அதிகம்.

நம்மிடமே சான்று இருக்கிறது. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை நேத்ரா குமணன். சென்னையில் கோடைப் பயிற்சி முகாமில் தொடங்கி, எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். 2021 ஏப்ரலில் ஓமான் நாட்டு முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில் டோக்கியோவுக்கு இடம் பிடித்தார். அங்கே 35-ஆவது, அடுத்து பாரிஸில் 21-ஆவது. டோக்கியோவுக்குப் போன நான்கு இந்தியப் பாய்மர வீரர்களில் நேத்ரா, கே.சி. கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னை. நான்காமவரான விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர், ராணுவத்துக்காரர், ஹாங்சோவில் வெண்கலம் வாங்கியவர், பாரிஸில் 18-ஆவதாக முடித்தவர். தமிழ்நாடு இந்த விளையாட்டில் இந்தியாவுக்கே முன்னே நிற்கிறது. அந்த முன்வரிசை கிட்டத்தட்ட ஒரே துறைமுகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்பதுதான் குறை.

"பல்கலைக்கழகப் போட்டியில் நிரந்தர இடமே இல்லையே" என்ற வாதத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் கட்டாயப் பட்டியல் ஒன்று உண்டு. அதோடு போட்டி நடத்தும் நகரம் தன் வசதிக்கேற்பச் சில விளையாட்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். பாய்மரம் இந்த இரண்டாம் வகை. 2005 இஸ்மிரில் இருந்தது, 2011 ஷென்சென்னில் இருந்தது, 2019 நேப்பிள்ஸில் இருவர் படகில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓட்டும் கலப்புப் போட்டியாக இருந்தது. செங்டுவிலும் 2025 ரைன்-ரூரிலும் இல்லை. அதனால் என்ன? அந்தப் போட்டியை நடத்தும் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு பாய்மரத்துக்குத் தனிச் சாம்பியன்ஷிப்பும் நடத்தியிருக்கிறது. ஆசியப் போட்டி இருக்கிறது, ஒலிம்பிக் இருக்கிறது. ஒரு கல்லூரி விளையாட்டை எந்த நகரம் எந்த ஆண்டில் சேர்க்கும் என்று பார்த்துத் தொடங்குவதானால், நாம் இருக்கிற கபடியைக் கூட நிறுத்த வேண்டியிருக்கும்.

இப்போது, யாரும் சொல்லாத அந்தத் தடைக்கு வருவோம்.

திண்டுக்கல் சமவெளியில் காற்றும் தண்ணீரும் ஒரே மாதத்தில் வருவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று ஆனியிலும் ஆடியிலும் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் சீறிக்கொண்டு வரும். உடுமலை, தாராபுரம் சாலைகளில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. ஆனால் அப்போது பெரும்பாலான கண்மாய்களில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். மழை ஐப்பசி, கார்த்திகையில். குளம் நிரம்பி மறுகால் போகும்போது ஆடிக் காற்றின் வேகத்தில் பாதிகூட இருக்காது. மழை பொய்த்த ஆண்டுகளில் திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் அணையே வற்றிப்போனதும் உண்டு. பாய்மரம் வேண்டாம் என்பவர்கள் இதைச் சொல்லியிருந்தால் அது பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக இருந்திருக்கும்.

பதில் இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்குப் பலத்த காற்று தேவையே இல்லை, கூடவும் கூடாது. ஐஎல்சிஏ படகின் உடல் எடை 59 கிலோ, நீளம் நாலேகால் மீட்டர். தள்ளுவண்டியில் வைத்து இரண்டு பேர் கரையிலிருந்து தண்ணீருக்கு இறக்கிவிடலாம். இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும் பாய்மரத்தைப் பொருத்தி, அதன் மேல் பாயைச் சட்டைக் கைபோல இழுத்து மாட்டி, படகின் முன்முனைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் குழியில் நட்டுவிட்டால் படகு தயார். தென்னங்கீற்று அசைகிற காற்றுக்கே அது நகரும். ஓட்டுபவர் ஒரு கையில் சுக்கான் கோலையும் மறு கையில் தாமானையும் பிடித்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் கன்னத்தில் உணர்ந்து ஓட்ட வேண்டும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாது. வலப்பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம், திருப்பி இடப்பக்கம் கொஞ்ச தூரம் என்று கோணல்மாணலாக ஏறித்தான் போக வேண்டும். எந்த நேரத்தில் திருப்புவது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. தை, மாசியில் ஆத்தூர் அணையில் இருக்கிற தண்ணீருக்கும் காற்றுக்கும் இந்தப் பாடத்தை நடத்தத் தாராளமாகப் போதும். மலையடிவாரத்தில் காற்று நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும் என்பதும் தொல்லையாகத் தோன்றினாலும் லாபம்தான். மாறும் காற்றில் பழகியவருக்கு, ஒரே சீராக வீசும் கடல் காற்று எளிது.

பலத்த காற்றில் பழகும் நிலை வந்தபின் ஆனி, ஆடியில் வைகை அணைக்குப் போகலாம். 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணைக்குத் தென்மேற்குப் பருவத்தில் பெரியாற்றுத் தண்ணீர் வரும். சுற்றிலும் ஆண்டிபட்டிக் காற்றாலைகள். காற்றும் தண்ணீரும் அங்கே ஒன்று சேர்கின்றன, திண்டுக்கல்லிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடும் தூரத்தில். கடைசியாக, பெரிய போட்டிக்கு முந்தைய மாதம், ராமநாதபுரம் கடலுக்கு ஒரு பயணம். அங்கே பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாதெமி அமைக்க மாநில அரசு முடிவெடுத்திருக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் அகாதெமி கடலோரத்தில் மட்டும் இருந்தால் அதற்குள் நுழைவதும் கடலோரத்துப் பிள்ளைகளாக மட்டுமே இருப்பார்கள். உள்நாட்டு அணைகளில் தொடக்கப் பள்ளிகள் இருந்தால்தான் அந்த அகாதெமிக்கு ஆள் சேரும்.

குடிநீர் அணையில் படகா என்று முகம் சுளிப்பவர்களுக்கு மறுபடியும் போபாலைத்தான் காட்ட வேண்டும். அந்தப் பெரிய ஏரியும் ஊருக்குக் குடிநீர் தருவதே. 2023-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதில் உல்லாசக் கப்பலையும் மோட்டார் படகுகளையும் ஓட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. எண்ணெயும் புகையும்தான் பிரச்சினை. பாய்மரத்தில் இரண்டும் கிடையாது. பயிற்சியின்போது கூடவே போகும் காப்புப் படகுக்கு மின்கல மோட்டார் வைத்தால் அந்தக் குறையும் தீரும். ஆள் மூழ்கும் அபாயம்? ஒவ்வோர் ஆண்டும் நம் அணைகளிலும் கண்மாய்களிலும் இளைஞர்கள் மூழ்கிச் சாவது நீச்சல் தெரியாமல், கண்காணிப்பு இல்லாமல், மிதவைச் சட்டை இல்லாமல். இந்த விளையாட்டில் இந்த மூன்றும் இல்லாமல் படகில் கால் வைக்கவே விட மாட்டார்கள்.

சமவெளியை விட்டு ஒரு பார்வை மேலே. திண்டுக்கல் மாவட்டத்தில்தான் கொடைக்கானல் இருக்கிறது. 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிஞ்சு ஓடையை மறித்து அந்த ஏரியை உருவாக்கினார். 1890-இல் அங்கே படகுக் குழாம் வந்துவிட்டது. அந்த மலையிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஏரி இருக்கிறது, படகுத்துறை இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, நூற்றுக்கணக்கான மாணவிகள் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஏரியில் படகு என்றால் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணி காலால் மிதிக்கும் அன்னப்படகுதான். கீழே சின்னாளப்பட்டியருகே காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகம். கிராமத்துப் பிள்ளைகளுக்காகவே எழுப்பப்பட்ட நிறுவனம் அது, ஆத்தூர் அணையும் அங்கிருந்து பக்கம்தான். ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம், ஊரைச் சுற்றித் தனியார் கல்லூரிகள். இவற்றில் ஒன்று தனியாகச் செய்ய முடியாததை நான்கு சேர்ந்தால் செய்யலாம். படகு செப்பனிடும் வேலையைப் பொறியியல் மாணவர்களிடமே விடலாம்.

கபடி மைதானத்துக்கே காசில்லாதபோது இது எதற்கு என்ற கேள்வி எஞ்சும். கபடிக்கு ஒதுக்கிய காசில் யாரும் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் நூறு பேர் முட்டிமோதும் வாசலிலேயே எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்திவைத்துவிட்டு, ஆளே நிற்காத வாசலைப் பூட்டி வைப்பது நிர்வாகம் ஆகாது. தேவாஸ் விவசாயி மகளுக்குத் திறந்த வாசல் அது.

செய்ய வேண்டியது பெரிதில்லை. வரும் கல்வியாண்டின் விளையாட்டுக் குழுக் கூட்டத்தில் காந்திகிராமமோ அன்னை தெரசாவோ ஒரு தீர்மானம் போடட்டும்: நான்கு கல்லூரிகளின் கூட்டுப் பெயரில் ஆறு பழைய ஐஎல்சிஏ படகுகள், மின்கலத்தில் ஓடும் ஒரு காப்புப் படகு, சென்னையிலிருந்தோ போபாலிலிருந்தோ ஒரு பயிற்சியாளர், நீச்சல் தெரிந்த இருபது மாணவ மாணவியர். தை முதல் பங்குனி வரை ஆத்தூர் அணையில் வாரம் இரண்டு நாள் பாய் விரிக்க அனுமதி கேட்டு நீர்வளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு. அனுமதி மறுக்கப்பட்டால் மறுத்தவர்கள் காரணத்தை எழுத்தில் தரட்டும். அதில் "கடல் இல்லை" என்று மட்டும் எழுத வேண்டாம்.